செய்யாத குற்றத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

என் மனைவியைச் சங்கத் தலைவர் பதவியிலிருந்து இறக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்துச் சேர்த்த பெண்ணுக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் சிரிக்கிறார்கள். ஊர் என்று நான் சொல்வது ஜேர்மனியில் இருக்கும் ஹம் நகரத்தை. இருபத்திரண்டு வயதில் இங்கே வந்தேன், இப்போது அறுபதைத் தொடப்போகிறேன். இனியும் வேறோர் இடத்தை ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஹம் கோபித்துக்கொள்ளும். "பெண்சாதியைக் கவிட்டவளுக்கு நன்றி சொல்லித் திரியிற ஒரே மனுசன் நீங்கள்தான்" என்பாள் மனைவி. சொல்லிவிட்டு அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வரச் சில மாதங்கள் எடுத்தன.

கதை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் யாப்பிலிருந்து, அதாவது அதன் சட்டதிட்டப் புத்தகத்திலிருந்து, தொடங்குகிறது. இந்த நாட்டில் ஏழு பேர் சேர்ந்து புறா வளர்ப்பதென்றாலும் அதைச் சங்கமாகப் பதியலாம். பதிவதற்கு யாப்பு ஒன்று வேண்டும். இருபத்தைந்து வருடத்துக்கு முந்தி நாங்கள் சங்கம் தொடங்கியபோது, பக்கத்துத் தெரு உதைபந்தாட்டக் கழகத்தின் யாப்பை வாங்கி, உதைபந்து என்று இருந்த இடத்தில் தமிழ் என்று போட்டிருந்தால் வேலை ஒரே நாளில் முடிந்திருக்கும். நாங்கள் அப்படிச் செய்வோமா? யாழ்ப்பாணத்தில் நீதிமன்ற எழுதுவினைஞராக இருந்த ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தோம். மனுசன் மூன்று மாதம் எடுத்து, ஒரு நாட்டுக்கே போதுமான யாப்பை எழுதிக்கொண்டு வந்தார்.

ஒரு நாட்டின் ஜனாதிபதிக்கு என்னென்ன அதிகாரம் உண்டோ, ஏறக்குறைய அத்தனையும் எண்பது குடும்பம் கொண்ட எங்கள் சங்கத்தின் தலைவருக்கும் உண்டு. நிர்வாகசபை ஓர் அங்கத்தவருக்குக் கொடுத்த தண்டனையைத் தலைவர் மன்னிக்கலாம், குறைக்கலாம். ஆனால் தன்னையோ தன் குடும்பத்தில் ஒருவரையோ மன்னிக்க முடியாது. இந்த அதிகாரத்தைத் தலைவர் பிழையாகப் பயன்படுத்தினால், அங்கத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கையெழுத்து வைத்துக் குற்றப் பிரேரணை கொண்டுவந்து அவரைப் பதவியிலிருந்து நீக்கலாம்.

"ஐயா, பொங்கலும் விளையாட்டுப் போட்டியும் வைக்கிற எங்களுக்கு உதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டேன்.

"தம்பி, மாட்டை வாங்கினால் மூக்கணாங்கயிறும் வாங்கத்தான் வேணும்" என்றார்.

பதிவுக்குப் பொறுப்பான ஜேர்மன் அதிகாரி எங்கள் யாப்பின் மொழிபெயர்ப்பை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் சங்கத்தில் நிறையக் குற்றங்கள் நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றோம். சட்டத்துக்கு முரணாக ஒன்றும் இல்லை என்று சொல்லி முத்திரையைக் குத்திவிட்டார். யாப்பு எழுதியவர் சில வருடங்களில் காலமாகிவிட்டார். மன்னிப்பும் குற்றப் பிரேரணையும் யாரும் தொடாமல் கோப்புக்குள் கிடந்தன. என் மனைவி தலைவரானாள். அதற்கு அடுத்த தைப்பொங்கலுக்கு நான் ஒரு கட்டிக் கற்பூரம் கொளுத்தினேன்.

அந்த வருட விழாவை ஒரு பாடசாலை மண்டபத்தில் வைத்திருந்தோம். மண்டபத்துக்குள் நெருப்பே கூடாது என்பது பாடசாலையின் கண்டிப்பான விதி. அதனால் பொங்கல் பானை மின்சார அடுப்பில் ஏறும்; குத்துவிளக்கில் திரிக்குப் பதிலாக பற்றரி பல்ப் மினுங்கும். பிள்ளைகளுக்கு அதுவே பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை. கம்பி இழுக்கும் தொழிற்சாலையில் வேலை எனக்கு. எந்த ஷிஃப்ட் என்றாலும் ஒரு கட்டிக் கற்பூரம் காட்டாமல் வீட்டுப்படி இறங்க மாட்டேன். பானை பொங்கி வழிந்து எல்லோரும் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தியபோது எனக்கு மனம் கேட்கவில்லை. மேடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறைக்குள் நழுவினேன். அலங்காரத்துக்குக் கொண்டுவந்த பிள்ளையார் படம் ஒன்று அங்கே சுவரில் சாய்ந்து நின்றது. கோட் பைக்குள் இருந்த கற்பூரத்தை தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கும் பீரிசு ஒன்றில் வைத்துக் கொளுத்தினேன். ஒரு நிமிட வேலை, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். நினைத்து முடியவில்லை, கட்டடம் முழுவதும் அபாய மணி அலறத் தொடங்கியது.

தை மாதக் குளிரில் சனம் முழுவதும் வாகனத் தரிப்பிடத்துக்கு ஓடியது. பட்டுச்சேலைகள், வேட்டிகள், நடன உடுப்போடு நடுங்கிக்கொண்டு நின்ற பிள்ளைகள். தாய்மார் தங்கள் குளிர்ச்சட்டைகளைக் கழற்றிப் பிள்ளைகளுக்குப் போர்த்தினார்கள். தீயணைப்பு வண்டிகள் இரண்டு வந்தன. நான் என்ன செய்தேன் என்றால், நெருப்பை ஊதி அணைத்து, பீரிசைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட் பைக்குள் போட்டுக்கொண்டு, சனத்தோடு சனமாகப் போய் நின்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்ப்பதாக ஊரில் சொல்வார்கள். எனக்குப் பூசணிக்காய் அல்ல, ஒரு சின்னப் பீரிசுதான், அதனால் இலகுவாக மறைந்துவிட்டது.

நெருப்பு ஒன்றும் பிடிக்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் யன்னல்களைத் திறந்துவிட்டு, சாமான் அறையில் யாரோ எதையோ பற்றவைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். பாடசாலைக் காவலாளி, சிகரெட்டாக இருக்கும் என்றார். அவ்வளவுதான், எல்லோருடைய கண்ணும் ஒரே ஆளிடம் போனது.

அவரை எங்கள் சனம் சவுண்ட் அண்ணை என்று சொல்லும். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து எந்த விழாவுக்கும் ஒலிபெருக்கி, மைக் எல்லாம் அவருடையவை, வேலையும் அவருடையது. நன்றாகப் புகைப்பார். மணி அடிக்கச் சற்று முன்பு, சாமான் அறைக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கதவால் கையில் சிகரெட் பெட்டியோடு அவர் உள்ளே வந்ததை இரண்டு பேர் கண்டிருந்தார்கள். உண்மையில் அவர் விதியை மதித்து, குளிருக்குள் வெளியே போய்ப் புகைத்துவிட்டுத் திரும்பி வந்தவர். விதியை மீறியவன் உள்ளே பிள்ளையாருக்கு முன்னால் நின்றான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அண்ணைக்கும் எனக்கும் உள்ள உறவைச் சொன்னால்தான் நான் செய்தது எவ்வளவு கேவலம் என்று விளங்கும். அகதியாக வந்த புதிதில் முகாமில் நாங்கள் இருவரும் ஒரே அறை. என்னைவிட மூன்று வயது மூத்தவர். அப்பா காலமாகி ஒரு மாதத்துக்குப் பிறகு அம்மா பேசிப் பதிந்த கசெட் ஒன்று எனக்கு வந்தது. கேட்பதற்குக் கருவி இல்லை. இங்கே சனம் பழைய கட்டில், கதிரை, வானொலி எல்லாவற்றையும் குப்பை வண்டிக்காகத் தெருவோரம் வைப்பார்கள். அண்ணை அப்படி வைத்த சாமான்களுக்குள் தேடி உடைந்த ரேப் ரெக்கோடர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு நாள் சாப்பாட்டுக் கத்தியால் நோண்டி அதைப் பேச வைத்தார். அம்மாவின் குரல் வந்ததும் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், நான் தனியாக இருந்து கேட்கட்டும் என்று. ஒரு மணித்தியாலம் குளிரில் நின்றிருக்கிறார். அந்த மனுசனைத்தான் நான் மாட்டிவிட்டேன்.

அடுத்த கிழமை நிர்வாகசபை கூடியது. எங்கே? எங்கள் வீட்டு வரவேற்பறையில். தலைவர் வீடு அல்லவா? ஏழு பேர் இருந்தார்கள், அண்ணையையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் சபையில் இல்லை, தேநீர் கொடுக்கிறவன். பாடசாலை இனி மண்டபம் தராது என்று கடிதம் போட்டுவிட்டது, ஆகவே எல்லோருக்கும் கோபம்.

"நான் வெளியிலதான் பத்தினனான்" என்றார் அண்ணை. "உள்ளுக்க நான் ஒண்டும் கொளுத்தேல்லை."

"அப்ப ஆர் கொளுத்தினது?"

"அது எனக்குத் தெரியாது. நான் இல்லை."

இரண்டு வருடம் சங்கத்தின் எந்த நிகழ்விலும் கலந்துகொள்ளத் தடை என்று தீர்மானித்தார்கள். என் மனைவி மட்டும், சாட்சி போதாது என்று எதிர்த்து வாக்களித்தாள். அந்த நேரம் பார்த்து நான் தட்டோடு நின்றேன். அண்ணை ஒரு கோப்பையை எடுத்து, "சீனி அளவாப் போட்டிருக்கிறாய்" என்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுத்தும், அடுத்தவருக்குத் தட்டை நீட்டினேன். இப்போது சொல்வோம், கொஞ்சம் பொறுத்துச் சொல்வோம் என்று இருந்தேன். அவர் தேநீரைக் குடித்து, கோப்பையைக் குசினியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

பத்து நாள் போயிருக்கும். என் மனைவி, யாரையும் கேட்காமல், இருபது வருடம் தூங்கிக்கொண்டிருந்த மன்னிப்பு அதிகாரத்தை எழுப்பினாள். சங்கத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் எழுதினாள். அங்கத்தவரின் நீண்டகாலச் சேவையைக் கருத்தில் கொண்டு, யாப்பு தலைவருக்குத் தந்திருக்கும் அதிகாரத்தின்படி, அவருக்கு விதித்த தடை மன்னிக்கப்படுகிறது. வாசித்துக் காட்டினாள். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. எல்லாம் சுபமாக முடிந்தது, நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகத் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் கடிதம் எங்கள் தபால்பெட்டிக்குள் திரும்பி வந்து கிடந்தது. நானே எடுத்துக்கொண்டு அண்ணை வீட்டுக்குப் போனேன்.

"அண்ணை, ஏன் இதைத் திருப்பி அனுப்பினனீங்கள்? தடை இல்லை எண்டுதானே கிடக்கு."

"நான் செய்யேல்லை" என்றார் அவர். "செய்யாததுக்கு மன்னிப்பு எடுத்தால், செய்தன் எண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரி. தடை மற்றாக்கள் போட்டது. அதைச் சுமந்துகொண்டு போவன். உந்த மன்னிப்பை எடுத்தால் பழி என்ர கையால நான் போட்டதாப் போயிடும். கொண்டு போ."

நான் கொண்டு வந்தேன். அந்த மனுசன் கேட்டது ஒன்றே ஒன்று, செய்யவில்லை என்று யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடியவன் உலகத்தில் நான் ஒருவன்தான், அவர் வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றேன்.

இதற்கிடையில் மன்னிப்புச் செய்தி எங்கள் வட்ஸ்அப் குழுவில் பரவிவிட்டது. மன்னிப்பு என்ற சொல்லே எங்கள் சனத்துக்கு ஆகாது. நாங்கள் விட்டுவந்த நாட்டில் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பு எந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கிடைக்கும், எந்தப் பக்கத்துத் தாய்மார் வருடக்கணக்காக வாசலில் காத்து நிற்பார்கள் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்டவர்களிடம் போய், புருஷனின் சிநேகிதனைத் தலைவர் மன்னித்துவிட்டார் என்றால் சும்மா இருப்பார்களா? அதிலும் முன்னுக்கு நின்றது பல்வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிற ஒரு பெண். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அன்றைக்கு நடன உடுப்போடு குளிரில் நின்றவர்கள். யாப்பைத் தேடி எடுத்து வாசித்து, குற்றப் பிரேரணைக்குக் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கினார். அதற்கு முன் ஒருநாள் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, முதுகுக்குப் பின்னால செய்யக்கூடாது எண்டு முகத்துக்கு நேர சொல்ல வந்தனான்" என்றார். "அங்க ஜனாதிபதி தன்ர ஆக்களை வெளியில விடேக்க நாங்கள் எப்பிடிக் கத்தினனாங்கள்? இஞ்சை நீங்கள் செய்தால் மட்டும் சரியோ?"

என் மனைவி அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். பிறகு, "நீர் கேக்கிறது நியாயம்" என்றாள். "கையெழுத்தைச் சேரும்."

கதவைச் சாத்திவிட்டு அந்தப் பெண்ணை நான் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்குக் கோபம் பொல்லாதது. பிழை என் பக்கம் இருக்கும்போது இன்னும் பொல்லாதது. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை.

கையெழுத்துகள் சேர்ந்துவிட்டன. சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தின் மண்டபத்தில் கூட்டம் என்று முடிவாகியது. பாடசாலை கைவிட்டபோது அந்தப் பங்கின் பாதிரியார்தான் இடம் தந்தார். மதம் பார்க்காமல் தந்த அந்த மனுசனுக்கும் நன்றி சொல்லவேண்டும். மெழுகுதிரி தாராளமாகக் கொளுத்துகிற இடம் என்பதால் நெருப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி குசினி மேசையில் யாப்பை விரித்து வைத்துக்கொண்டு, நாளைக்கு என்ன சொல்வதென்று எழுதினாள். முதியோர் இல்லத்தில் மற்றவர்களைத் தூக்கித் தூக்கி முதுகு நோகிற மனுசி, வேலை இல்லாத நாளில் தன்னைக் காப்பாற்ற வசனம் தேடிக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் கொளுத்தினது" என்றேன். "கற்பூரம். சாமான் அறைக்குள்ள. அண்ணை இல்லை."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "தெரியும்" என்றாள்.

"என்னெண்டு?"

"உங்கட கோட்டைக் கழுவக் குடுக்கேக்க பையைப் பாத்தனான். உள்பக்கம் முழுக்கக் கரி. மணத்துப் பாத்தால் கற்பூரம். தடை போட்டு ரெண்டு மூண்டு நாள் இருக்கும். சொல்லுவியள், சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. என்னை மன்னிக்க யாப்பில் அவளுக்கு அதிகாரம் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்க மனமும் இல்லை. அதனால் செய்யாத மனுசனை மன்னித்தாள். "அது பிழை" என்றாள் அவளே. "உங்களை மறைக்கத்தான் அந்தக் கடிதம் எழுதினனான். அண்ணைக்கு நல்லது செய்யிற மாதிரி நினைச்சு, அவரைக் குற்றவாளி எண்டு முத்திரை குத்திப்போட்டன். நாளைக்கு நான் என்னத்தைச் சொல்ல? நீங்கள் சொல்லவேண்டியதை என்னால சொல்லேலாது."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. நூறு பேருக்கு மேல். இவ்வளவு சனம் பொங்கலுக்குக்கூட நேரத்துக்கு வந்ததில்லை. மைக் இல்லாமல் கூட்டம் நடத்த முடியாது, எங்கள் ஆட்களில் வேறு யாரிடமும் ஒலிபெருக்கி கிடையாது. ஆகவே கையெழுத்துச் சேர்த்த பெண்ணே அண்ணைக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். அவரும் மறுக்கவில்லை. வந்து பெட்டிகளை இறக்கி, வயர்களை இழுத்து, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" சொல்லிச் சரிபார்த்தார். பிறகு, "சாமான் இருக்கலாம், நான் இருக்கேலாது, தடையெல்லோ" என்று சொல்லிவிட்டு வெளியே போய்த் தன் வான் வண்டியோடு நின்றுகொண்டார்.

தலைவர்மீதே பிரேரணை என்பதால் கூட்டத்தை நடத்த ஹனோவரில் சட்டம் படிக்கிற எங்கள் சங்கத்துப் பிள்ளை ஒருத்தியை ரயிலில் கூப்பிட்டிருந்தார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவள். பிரேரணையை வாசித்தாள். கையெழுத்துச் சேர்த்த பெண் எழுந்து காரணங்களைச் சொன்னார், கத்தாமல், ஒன்றையும் கூட்டாமல். அடுத்ததாக என் மனைவி பேச வேண்டும். அவள் எழுவதற்கு முன் நான் போய் மைக்கைப் பிடித்தேன்.

என்ன சொன்னேன் என்பது எனக்கே வடிவாக ஞாபகமில்லை. மைக் பல்லில் இடித்தது. கற்பூரம் என்றேன், பிள்ளையார் என்றேன், நான்தான் என்றேன். இருக்கைக்குத் திரும்பி வந்தேன்.

மண்டபம் முழுக்க ஒரே கூச்சல். பின்னாலிருந்து ஒருவர், "அப்ப தலைவி இனிப் புருஷனையும் மன்னிப்பாவோ?" என்று கேட்டார்.

"அவாவுக்கு ஏலாது, அது யாப்பில இருக்கு" என்றாள் சட்டம் படிக்கிற பிள்ளை.

"ஏலும் எண்டாலும் செய்யமாட்டன்" என்றாள் என் மனைவி. சிலர் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. முன்னால் வந்து, கோட் பையில் கரியைக் கண்டதையும், கண்ட பிறகும் வாய் மூடி இருந்ததையும், என்னை மறைக்கவே மன்னிப்புக் கடிதம் எழுதியதையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். "குற்றப் பிரேரணை சரியானது. வாக்கெடுப்புத் தேவையில்லை. நான் இறங்கிறன்."

கையெழுத்து வைத்தவர்களிலேயே பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள். அவள் கேட்கவில்லை. அந்த நேரம் அவளைப் பார்த்து எனக்கு வந்த பெருமையை எந்த வெட்கத்தாலும் மறைக்க முடியவில்லை.

"இப்பவாவது அவருக்குக் குடுத்த மன்னிப்பு செல்லும்தானே?" என்று நிர்வாகசபையில் ஒருவர் கேட்டார்.

"இல்லை அங்கிள்" என்றாள் அந்தப் பிள்ளை. "ஜேர்மன் ஜனாதிபதிக்கும் மன்னிக்கிற அதிகாரம் இருக்கு. ஆனா மன்னிப்பு தண்டனையைத்தான் எடுக்கும். தீர்ப்பை எடுக்காது. அவர் செய்யேல்லை எண்டால் நீங்கள் உங்கட தீர்ப்பு பிழை எண்டு சொல்லவேணும். அது வேற அன்ராக்."

அன்ராக் என்றால் விண்ணப்பம். இந்த நாட்டில் அது இல்லாமல் ஒன்றும் அசையாது. அங்கேயே எழுதினார்கள். அண்ணைமீது போட்ட தடை பிழையானது, அது போடப்படாததாகவே கருதப்படும் என்று ஒரு வரி. மண்டபத்தில் உயராத கை இல்லை. எனக்கு அதே இரண்டு வருடத் தடையைப் போட்டார்கள். அதை ஒரு நாள் குறையாமல் அனுபவித்தேன். கையெழுத்துச் சேர்த்த பெண் தலைவரானார், என் மனைவியைவிட நன்றாகவே நடத்துகிறார். அவர் மட்டும் அன்றைக்கு எங்கள் கதவைத் தட்டியிருக்காவிட்டால், நான் அந்தப் பீரிசோடுதான் சுடுகாட்டுக்குப் போயிருப்பேன். யாப்பிலிருந்து மன்னிப்பை எடுத்துவிட்டார்கள். குற்றப் பிரேரணையைக் கவனமாக வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு எனக்கு இன்னும் ஒரு வேலை மிச்சமிருந்தது. வெளியே போனேன். அண்ணை வான் கதவில் சாய்ந்துகொண்டு புகைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, தடை பிழை எண்டு எழுதிப்போட்டினம். உள்ளுக்க வாங்கோ" என்றேன். "நான்தான் கொளுத்தினது. எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

"கேட்டது" என்றார். "ஸ்பீக்கர் ஒண்டு யன்னலோடதானே நிக்குது."

என்னைப் பார்க்காமல் இன்னும் ஒரு தரம் இழுத்து விட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை."

"உதைப் பிறகு பாப்பம். மைக்கை வாய்க்குள்ள வைச்சுக் கதைச்சால் ஆருக்கடா விளங்கும்? எனக்கே பாதிதான் விளங்கினது. பின்வரிசைச் சனத்துக்கு அதுவும் விளங்கியிராது." சிகரெட்டை நசுக்கி நூர்த்துத் தகரப் பெட்டிக்குள் போட்டார். "வா. வந்து ஒழுங்காச் சொல்லு."

அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் போனேன். அவரைக் கண்டதும் சனம் எழுந்து நின்றது. அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. நேரே தன் மேசைக்குப் போய் இருந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகியில் விரலை வைத்தார். மைக்கை எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று தன் வாயிலிருந்து ஒரு சாண் அளந்து காட்டினார். நான் பிடித்தேன்.

"பொங்கலண்டைக்குக் கற்பூரம் கொளுத்தினது நான்" என்றேன். "மறைச்சதும் நான். அண்ணை கொளுத்தேல்லை."

என் குரல் மண்டபத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் தெளிவாகப் போனது. அண்ணை தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். திருகியை இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

"அந்தக் கடைசி வசனத்தை இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

சொன்னேன்.